அவர் பெயரில் போன பாட்டில்

என் கணவர் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு திருட்டுத்தனம்தான் செய்திருக்கிறார். அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. நானும் அதற்கு உடந்தை என்பதால், இதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அவர் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பத்து மூன்று வருடம் ஆலை ஆலையாகப் போய், நீராவிக் கொதிகலன்களுக்குள் டார்ச் லைட்டோடு தவழ்ந்து, இதை ஓட்டலாம், இதை ஓட்டக் கூடாது என்று சான்றிதழ் எழுதியவர். பையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். இரும்பை இரண்டு தட்டுத் தட்டினால் போதும், சத்தத்தை வைத்தே உள்ளே அரித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஆலைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைச் ‘சுத்தியல்’ என்பார்கள். கோபம் வந்தால் நான் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவேன்.

ஒரு முறை ஒரு சாயப்பட்டறையில், இவர் வருகிறார் என்று தெரிந்து, முதல் நாளே பாய்லருக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்களாம். இவர் பேனாக்கத்தியை எடுத்து ஒரு மூலையில் சுரண்டினார். அடியில் துரு. “பெயிண்ட் நல்லா இருக்கு. பாய்லரை எங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு, அப்போதே நெருப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வந்தார். முதலாளி வீடு வரைக்கும் வந்து கெஞ்சினார். காபி கொடுத்தோம். சான்றிதழ் கொடுக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட மனுஷன், அறுபத்தாறாவது வயதில் தனக்கே பெயிண்ட் அடித்துக்கொள்ளப் பார்த்தார்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள். அவளுக்கு இங்கே வேலை. அவள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, நான்காவது மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. ஓய்வுபெற்ற வயதில் வெளிநாட்டில் குடியிருப்பதில் குளிர் பெரிய விஷயமில்லை, மொழியும் பெரிய விஷயமில்லை. வைத்தியம்தான் விஷயம். மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஆஸ்பத்திரியில் படுத்தால், குணமாகி எழுந்திருக்கிறவர் பில்லைப் பார்த்து மறுபடி படுத்துவிடுவார். நாங்கள் சேர்ந்திருந்த திட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு முறை, உடம்பில் கோளாறு இருக்கிறதோ இல்லையோ, முன்கூட்டியே ஒரு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்தால்தான் காப்பீட்டைப் புதுப்பிப்பார்கள். எனக்கு அப்போது அறுபத்தொன்று. அதனால் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மகள் பிறந்த பிறகு என் உடம்பை ஒரு டாக்டரிடம் முழுதாகக் காட்டிய ஞாபகமே எனக்கு இல்லை.

பரிசோதனை ஒன்றும் பிரமாதமில்லை. தபாலில் ஒரு வெள்ளைப் பெட்டி வரும். அதற்குள் நீல மூடி போட்ட சின்ன பாட்டில், ஒட்டுவதற்கு இவர் பெயர் அச்சடித்த லேபிள். குறிப்பிட்ட நாள் காலையில் ஒரு பெண் வந்து எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு போவாள். அதில் ஏதாவது தென்பட்டால்தான் மேற்கொண்டு ரத்தம், ஸ்கேன் எல்லாம்.

இவருக்கு அந்த வருடம்தான் முதல் பரிசோதனை. பெட்டி வந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். இரண்டாவது மாடியில் எங்கள் பாஷைக்காரர் ஒருவர் இருக்கிறார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர் என்பதால் எங்களுக்கு அவர் போஸ்ட்மாஸ்டர். அவருக்குச் சர்க்கரை உண்டு. சிறுநீரில் முக்கிப் பார்க்கிற பட்டை ஒரு டப்பா நிறைய வைத்திருப்பார். பேச்சுவாக்கில் இவருக்கும் ஒன்றைக் கொடுத்து, “சும்மா பாருங்க சார்” என்றிருக்கிறார். இவர் சும்மா பார்த்தார். பட்டை நிறம் மாறிவிட்டது.

அதோடு விட்டாரா அந்தப் போஸ்ட்மாஸ்டர்? “கம்பெனிக்காரன் ஒரு தடவை சர்க்கரைன்னு எழுதிட்டான்னா அவ்வளவுதான் சார். அப்புறம் காலு வீங்கினாலும் சர்க்கரை, கண்ணு மங்கினாலும் சர்க்கரை. எதுக்கும் தர மாட்டான். என் மச்சானோட நண்பர் ஒருத்தரைத் திட்டத்தை விட்டே தூக்கிட்டான்” என்று ஒரு கடிதம் படிப்பதுபோலச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அன்று, வழக்கமாக நான் வைக்கிற குழம்பில் உப்பு எத்தனை சிட்டிகை என்று கூடச் சோதித்துச் சொல்கிறவர், தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்தார். மறுநாள் நான் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

“ஒரு உதவி வேணும்.”

“சொல்லுங்க.”

“அந்த பாட்டில்ல… நீ குடுக்கறியா?”

எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. இவரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். சர்க்கரையோடு, காப்பீடு இல்லாமல், இந்த வயதில் இங்கே காலம் தள்ள முடியாது. மகளை விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“பெயிண்ட் அடிச்சவனை எல்லாம் நிக்க வெச்சுக் கேள்வி கேட்டீங்களே, இப்ப நீங்க பண்றது என்னவாம்?” என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“தெரியும். குடுப்பியா மாட்டியா?”

கொடுத்தேன். கொடுத்துவிட்டு, “நாற்பது வருஷக் குடித்தனத்துல நீங்க என்கிட்ட வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் இதுதான்” என்றேன். லேபிளைக் கோணாமல் ஒட்டியவர் அவர்தான். வந்த பெண் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாள். இவருக்கு ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல் என்று எழுதியிருந்தாள். பின்னே, திருடும்போது கூடாமல் என்ன செய்யும்?

எட்டாம் நாள் முடிவு வந்தது. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். சர்க்கரை இல்லை. புரதம் இல்லை. கிருமி இல்லை. ஒவ்வொரு வரிக்கும் மேஜையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். “பாரு, சுத்தமான ஆளு!” என்றார். “நான்தான் சுத்தமான ஆளு” என்றேன். கடைசி வரிக்கு வந்தவர் விரலை எடுத்துவிட்டார்.

சிறுநீரில், கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் இருக்கிறதாம். வேறு காரணம் எதுவும் காணோம். இந்த வயதில் இதை உடனே பார்க்க வேண்டும். வருகிற வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்குச் சிறுநீர்ப்பை நிபுணரிடம் நேரம் ஒதுக்கியிருக்கிறது. ஸ்கேனும், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கிற சோதனையும் அன்றைக்கே நடக்கும். எல்லாம் அவர் பெயரில்.

அவர் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“உனக்கு எங்கேயாவது வலிக்குதா?”

“இல்லையே.”

“எரிச்சல்? நிறம் மாறி?”

“ஒண்ணும் இல்லைங்க. நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்.”

சொன்னேனே தவிர, சும்மா உட்கார முடியவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தெரிந்த அரைகுறை மொழியில் எனக்கென்று தனியாக நேரம் கேட்டேன். வலி உண்டா, காய்ச்சல் உண்டா, ரத்தம் கண்ணுக்குத் தெரிந்ததா என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அப்படியானால் பதினோரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். வேறு என்ன சொல்வார்கள்? ரத்தம் இருப்பதைக் கண்டுபிடித்த காகிதம் என் பெயரில் இல்லையே.

“பதினோரு வாரம்தானே. ஓடிப் போயிடும்” என்றேன்.

“பாய்லர் தகட்டு இணைப்புல ஈரம் கசிஞ்சா பதினோரு வாரம் ஓட விடுவேனா?”

“நான் பாய்லர் இல்லை.”

“அதான் சொல்றேன். பாய்லருக்கே விட மாட்டேன்.”

அவர் யோசனை எனக்குப் புரிந்துவிட்டது. வியாழக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போய், டாக்டரிடம் குட்டை உடைத்து, தன் நேரத்தை எனக்குக் கொடுக்கப் போகிறார். நான் சண்டை போட்டேன். “உண்மையைச் சொன்னா உங்க காப்பீடு போயிடும். சர்க்கரையும் வெளிய வந்துடும். எனக்கு ஒண்ணும் இல்லாம இருந்துட்டா? வீணா மாட்டிக்கிட்டு முழிக்கணும்” என்றேன். அவர் அலமாரியைத் திறந்து வியாழக்கிழமைக்குச் சட்டை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார். வாதம் முடிந்தது என்பதற்கு அவர் அகராதியில் அதுதான் அடையாளம்.

வியாழக்கிழமை பத்து மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். டாக்டர் ஒல்லியான பெண்மணி. முழங்கை வரை சட்டையை மடித்து விட்டிருந்தார். இங்கத்து மொழியை நாங்கள் வாசித்துப் புரிந்துகொள்வோமே தவிர, பேச்சு கடையில் காய் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். அதனால் மேஜைமேல் ஒரு போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்கள். அதில் தமிழ் பேசும் ஒரு பெண் குரல் வந்தது. எங்கோ உட்கார்ந்துகொண்டு, ஆஸ்பத்திரிகளுக்கு மொழிபெயர்ப்பதுதான் அவளுடைய வேலை. முகம் தெரியாத அந்தக் குரல் எடுத்த எடுப்பில், “ஐயா, நீங்க சொல்றது அத்தனையும் அப்படியே சொல்லுவேன். நானா எதையும் சேர்க்க மாட்டேன், விட மாட்டேன்” என்றது. இவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. சான்றிதழ் மாதிரி இருந்ததாம்.

“ஐயா, சட்டையைத் தளர்த்திட்டு அந்தக் கட்டில்ல படுக்கச் சொல்றாங்க.”

“நான் படுக்க வேண்டாம். இவ படுக்கணும்” என்றார் இவர். பிறகு எழுந்து நின்றுகொண்டு, அறிக்கை வாசிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னார். பாட்டிலில் இருந்தது தன்னுடையது இல்லை, தனக்குச் சர்க்கரை இருக்கிறது, அதை மறைக்கத்தான் இதெல்லாம், ரத்தம் இவளுடையது, ஆகவே இந்த நேரம் இவளுக்குச் சேர வேண்டியது.

போனில் அந்தப் பெண் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மொழிபெயர்த்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டார்.

“ஐயா, இது உங்க மனைவிக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க.”

இங்கேதான் என் கணவர் வாழ்க்கையின் இரண்டாவது திருட்டுத்தனத்துக்கு முயன்றார். நானும் உடந்தை என்று தெரிந்தால், சிகிச்சை தொடங்குகிற நேரத்தில் என் காப்பீடும் போய்விடும் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டிருக்கிறார்.

“தெரியாது. அவளுக்கு எதுவுமே தெரியாது. நானாத்தான் எடுத்தேன்.”

மொழிபெயர்ப்பு போயிற்று. கேள்வி திரும்பி வந்தது.

“ஐயா, டாக்டர் கேக்கறாங்க… அவங்களுக்குத் தெரியாம எப்படி எடுத்தீங்க?”

அவர் கூரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். முப்பத்து மூன்று வருடம் அடுத்தவர் பொய்யைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தவர், சொந்தமாக ஒரு பொய்க்கு மூன்று வார்த்தை கிடைக்காமல் திருதிருவென்று விழித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனுக்காக இன்னும் நாற்பது வருடம் குழம்பு வைக்கலாம் என்று தோன்றியது.

“நான்தாம்மா குடுத்தேன்” என்று போனைப் பார்த்துச் சொன்னேன். “கேட்டாரு, குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

“நீ எதுக்கு வாயைத் திறக்கறே!” என்று இவர் அதட்டினார். அந்தப் பெண் சொன்ன சொல் தவறாதவள். அதையும் மொழிபெயர்த்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து கட்டில்மேல் புதுக் காகிதத்தை விரித்தார். இதையெல்லாம் தான் கோப்பில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். அதற்கு முன்னால் என்னைப் பார்த்துவிடுவதாகவும் சொன்னார்.

பார்த்தார். சிறுநீர்ப்பையின் உள்சுவரில், பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. பன்னிரண்டாம் நாள் வயிற்றைக் கிழிக்காமலே குழாய் வழியாக எடுத்தார்கள். புற்றுதான். ஆனால் வேர் விடாத, மேலோட்டமான ஆரம்பக் கட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டே வர வேண்டும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். எனக்கு அறுபத்தைந்து தாண்டி, எனக்கென்று ஒரு வெள்ளைப் பெட்டி வரும் வரை இது உள்ளேயே இருந்திருந்தால் என்று, கூட வந்திருந்த மகள் கேட்க ஆரம்பித்தாள். அதைக் கேட்க வேண்டாம் என்பதுபோல டாக்டர் தலையை அசைத்தார்.

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து எங்கள் இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடித் தடுப்புப் போட்ட அறை, எங்கள் மகள் வயதில் ஒரு அதிகாரி. மொழிக்கு மகளே கூட வந்தாள். அந்த அதிகாரி முதலில் கேட்ட கேள்வியே இவரை உட்கார வைத்துவிட்டது. சர்க்கரை இருந்தால் எடுத்துவிடுவோம் என்று உங்களுக்கு யார் சொன்னது? சர்க்கரைக்காரர்களுக்கு எங்கள் திட்டத்தில் தனியாக ஒரு நர்ஸே உண்டு, மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போன் செய்வார், மருந்து எங்கள் பொறுப்பு. இது தெரியாதா?

தெரியாது. திட்டத்தின் புத்தகம் நாற்பது பக்கம். பாய்லர் சட்டத்தை அட்டையிலிருந்து அட்டை வரை ஒப்பிக்கிறவர், தன் உடம்புக்கான புத்தகத்தைப் பிரிக்காமல், போஸ்ட்மாஸ்டரின் மச்சானுடைய நண்பரை நம்பியிருக்கிறார். மாட்டிக்கொண்டதுகூட அவருக்கு வலிக்கவில்லை. தேவையே இல்லாத பொய்க்காக மாட்டிக்கொண்டோமே என்பதுதான் வலித்தது.

ஒரு படிவம் கொடுத்தார்கள். தவறான மாதிரி கொடுத்ததற்குக் காரணம் என்று ஒரு கட்டம், ஆறு வரி எழுத இடம். இவர் ஒரே ஒரு சொல் எழுதினார்: பயம். மகள் அதையும் ஒரே சொல்லாக மொழிபெயர்த்தாள்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், காப்பீடு தொடரும். அவருக்கு ஒரு வருடம் நிறுத்தம். அதன் பிறகு சர்க்கரையோடேயே சேர்த்துக்கொள்வார்கள். முப்பது நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மகள் அன்றைக்கே ஒரு முறையீடு எழுதிக்கொண்டு வந்தாள். அப்பா செய்த தவறால்தான் அம்மா உயிர் பிழைத்தது, நோயை முன்கூட்டியே கண்டுபிடித்ததில் கம்பெனிக்கும் லாபம் என்று நன்றாகத்தான் எழுதியிருந்தாள். இவர் வாசித்துவிட்டு மடித்து வைத்தார்.

“இது செல்லாதும்மா. பொய்ச் சான்றிதழ் குடுத்தவன், பாய்லர் வெடிக்கலையே சார்னு சொல்லுவான். வெடிக்காதது அவன் சாமர்த்தியம் இல்லை. தண்டனை சரிதான். நான் அப்பீல் பண்ண மாட்டேன்.”

“அப்பா, ஒரு வருஷம்ப்பா! நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆகாது. நடக்கறேன், மருந்து சாப்பிடறேன். பார்த்துக்கலாம்.”

சொன்னதைச் செய்கிறவர்தான். அதற்குள்ளேயே தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்க ஆரம்பித்து, சர்க்கரை அளவை ஒரு நோட்டில் அழுத்தமானிக் கணக்குப் போல எழுதி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் எனக்கு வந்ததே கோபம். ஆபரேஷன் ஆன உடம்பு என்றுகூடப் பார்க்காமல் எழுந்து நின்றுவிட்டேன்.

“தண்டனை சரின்னு சொல்ல நீங்க யாரு, சுத்தியல்? உங்க பயத்தை ஒரு வார்த்தையில எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீங்க. என் பயத்தை நான் எங்க எழுதறது? ஒரு வருஷம் நீங்க ஒரு தும்மல் போட்டா நான் நடுங்கணும். வெளிய போய்ட்டு வர அஞ்சு நிமிஷம் லேட்டானா ஜன்னல்ல நிக்கணும். அந்தத் தண்டனையை எனக்கு யாரு குடுத்தா? என்னைக் கேட்டா குடுத்தாங்க?”

அவர் மகளிடம் ஒரு வெள்ளைக் காகிதம் கேட்டார். அலுவலக நாட்களில் எழுதுவதுபோல, மேலே தேதி போட்டு, நான்கே வரி எழுதினார். நான் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன்.

‘நான் செய்தது தவறு. எனக்கு விதித்த தண்டனை நியாயமானது. ஆனால் இதில் பாதியை அனுபவிக்கப் போகிறவள் என் மனைவி. என் பாதியை நான் ஏற்கிறேன், அவளுடைய பாதியைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

மகள் அதில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் மொழிபெயர்த்து அனுப்பினாள்.

பதினெட்டாம் நாள் பதில் வந்தது. நான் சோபாவில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் உறையைக் கத்தரியால் நேராக வெட்டி, கடிதத்தைப் பிரித்து, நின்றபடியே வாசித்தார். நிறுத்தத்தை ஆறு மாதமாகக் குறைத்திருந்தார்கள். மறுபடி ஒரு முறை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துவிட்டு, கடிதத்தை என் மடியில் வைத்தார்.

“இந்தா, உன்னுது” என்றார்.